ஒரு சுண்டு தவிடு

எங்கள் பழைய வார்டில் இப்போது அப்பாமாரும் சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். கூட வேலை செய்த சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கப் போனவள், அப்படியே மேல்மாடிக்கும் ஏறிப் பார்த்தேன். லொறி ஓட்டுகிறவர் என்று பார்த்தாலே தெரிகிற ஒரு மனிதர், சாய்வு நாற்காலியில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடின பிள்ளையை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். "மூச்சு விட்டா பிள்ளைக்கு ஏதும் ஆகுமா மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார். விடாவிட்டால் உங்களுக்குத்தான் ஏதாவது ஆகும் என்றேன். எங்கள் காலத்தில் அப்பாமாருக்குக் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் அனுமதி.

அங்கே இருந்த சின்ன நர்ஸ்மார் தேத்தண்ணி தந்து, வார்ட் மலர் ஒன்று போடுகிறோம், பழைய அனுபவம் ஏதாவது நல்லதாக எழுதித் தாருங்கள் மிஸ் என்றார்கள். நல்லதாக எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு பிள்ளையை விற்ற கதை இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற தொழிற்சாலையில், வேலை செய்தார். படித்தேன், நர்ஸிங்குக்கு எடுபட்டேன், மூன்று வருஷப் பயிற்சியைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் விழுந்து எழும்பி முடித்தேன். இரண்டு மூன்று ஆஸ்பத்திரி மாறி, கடைசியில் சப்ரகமுவவின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாசப் பிள்ளைகளின் வார்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே இருபத்திரண்டு வருஷம். தமிழ் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான் என்பதால், இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார் எல்லாருக்கும் நான் 'தமிழ் மிஸ்'. என் சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சோமலதா சிஸ்டர். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் போடாததால்தான் எங்களுக்குப் பயம். பிழை செய்தால் பக்கத்தில் வந்து நின்று, நாங்கள் செய்கிறதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாங்களே பிழையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் நகரமாட்டார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்காமல் எந்தப் பிள்ளையின் மேலும் வைக்கமாட்டார். என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று.

நான் போன முதல் நாளே இன்கியூபேட்டரின் வட்டக் கதவைத் திறந்து, "கையை உள்ளே விடு" என்றார். விட்டேன். பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எல்லாரும் செய்கிறதுதானே. பிள்ளை கைகாலை விரித்துத் துடித்தது, மானிட்டர் கத்தத் தொடங்கியது. சிஸ்டர் தன் கையை விட்டு, ஒரு கையால் தலையையும் மறு கையால் இரண்டு காலையும் மெதுவாகக் குவித்துப் பிடித்தார். அப்படியே அசையாமல் நின்றார். ஐந்து நிமிஷத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. "தடவாதே, தட்டாதே. இவர்களுடைய தோலுக்கு அது தாங்காது. கையை வை, வைத்தால் வைத்ததுதான். எடுக்கும்போது மெதுவாக எடு." இத்தனை வருஷத்தில் நான் கற்றதில் பாதி அந்த ஐந்து நிமிஷத்தில் கற்றது.

பிறகு ஒரு தடவை கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய் வந்து, கங்காரு முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். தாய் முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும், வளையல், மோதிரம், தாலிக்கொடியில் தொங்கும் ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். முன்பக்கம் திறக்கிற கவுன். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடி கொஞ்சம் மேலே பார்க்கிற மாதிரி. தாழ்ந்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். காலைத் தவளை மாதிரி மடித்து, பருத்திச் சேலையில் கிழித்த துண்டால் காது மட்டத்துக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. எடுத்து எடுத்து வைத்தால் பிள்ளை களைத்துவிடும். முதலில் டொக்டர்மாரே நம்பவில்லை. கண்ணாடிப் பெட்டி செய்யாததைத் தாயின் நெஞ்சு செய்கிறதை நான் என் கண்ணால் கண்டேன்.

இதற்கு மேல் போவதற்கு முன்னால் என் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை மூன்றாம் மாசத்தில் போனது, அதற்குப் பிறகு வரவே இல்லை. என் கணவர் ஆசிரியர், நல்ல மனிதர், அதைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். பிள்ளை இல்லாதவள் பிள்ளைகளின் வார்டில் எப்படி இருக்கிறாய் என்று உறவுக்காரர் கேட்பார்கள். வேலைதானே என்பேன். அது பாதிப் பொய்தான்.

யோகராணி வந்தது பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால். தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். புருஷன் செல்வராஜ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முப்பது வாரத்தில் பிறந்த பெண் பிள்ளை, ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். மூன்றாம் நாள் யோகராணியைத் தள்ளுநாற்காலியில் வைத்து அழைத்து வந்தேன். இன்கியூபேட்டருக்கு ஒரு எட்டுத் தூரத்தில் இறங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வா யோகா. கைய உள்ள விடலாம், நான் காட்டித் தாரேன்."

"வேணாங்க மிஸ். இத உங்களுக்கே குடுத்துட்டேங்க."

"என்ன சொல்ற?"

"மொதப் பிள்ள வயித்துக்குள்ளயே போயிருச்சு. ரெண்டாவது மூணு நாள் இருந்துச்சு. என் கை பட்டா தங்காதுங்க. இது உங்க பிள்ளையா இருக்கட்டும். நீங்க தேத்திக் குடுங்க, அப்புறமா தவிடு குடுத்து வாங்கிக்கிறேன்."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போனால், பிறக்கிற பிள்ளையை வேறொரு பொம்பிளைக்குக் கொடுத்துவிட்டு, அவளிடம் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, இதைத் தூக்கிப்போய் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்று பிள்ளைகளைக் கொண்டுபோகிற எமனுக்கே காது கேட்கச் சொல்கிற மாதிரி. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே தவிட்டாயி என்று ஒரு அக்கா இருந்தார். நன்றாகத்தான் இருந்தார், ஏழு பிள்ளை பெற்றார்.

ஆனால் அதில் ஒரு முறை இருக்கிறது. கொடுத்த அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். முன்வாசலால் கொடுத்துப் பின்வாசலால் வாங்குவார்கள். ஒரு பொழுது தாண்ட விடமாட்டார்கள், பால் குடிக்கிற பிள்ளை இல்லையா. யோகராணி பயத்தில் அதை நீட்டிவிட்டாள். எனக்கு முறை தெரியும். 'இன்றைக்கே வாங்கு, இப்போதே உன் ஆளை அனுப்பித் தவிடு எடுத்துவரச் சொல்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "சரி, எனக்கே குடு."

அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தாய்மார் தங்கும் அறை எங்கள் வார்டுக்கு அடுத்த கட்டடத்தில். யோகராணி அங்கேதான் இருந்தாள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து சின்னக் கோப்பையில் எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வருவாள். உள்ளே கால் வைக்கமாட்டாள். கோப்பையை நீட்டி, "உங்க பிள்ளைக்குப் பாலுங்க மிஸ்" என்பாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியின் பிள்ளைக்குப் பால் கொடுத்து உதவுகிற மாதிரி சொல்வாள். எனக்கு அந்த இரண்டு சொல்லையும் கேட்க வேண்டும் போல இருந்தது. 'உங்க பிள்ளை.' அடுத்த கோப்பைக்கு நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டேன். வட்டக் கதவால் கையை விட்டு, தலையையும் காலையும் குவித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைக்கு என் கை பழகிவிட்டது. நான் கையை வைத்ததும் நெற்றியில் இருக்கிற சுருக்கம் போகும். மற்ற நர்ஸ் வைத்தால் போகாது. அதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

கோப்பையில் பால் குறைந்துகொண்டே வந்தது. முதலில் அரைக் கோப்பை, பிறகு கால், பிறகு அடியில் ஒட்டின மாதிரி. பிள்ளையைத் தொடாத தாய்க்குப் பால் வற்றும் என்று தாய்மாருக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். பிள்ளையின் நிறை ஆயிரத்து அறுபதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்த அளவுப் பிள்ளைகளுக்கு டின் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் குடல் அழுகிப்போகிற ஆபத்து இருக்கிறது. அதற்கு முந்தின மாசம்தான் அப்படி ஒன்றை இழந்திருந்தோம்.

"அந்தத் தாய் ஏன் உள்ளே வருவதில்லை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"பயப்படுகிறாள் சிஸ்டர்" என்றேன்.

அடுத்த நாளும் கேட்டார். அதையே சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, யோகராணிக்குச் சிங்களம் அரைகுறை. நடுவில் நின்றது நான் ஒருத்தி. அந்த இடத்தில் நின்று நான் செய்த வேலை இது.

பதினோராவது நாள் பின்னேரம், சிஸ்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூலையில் மறைப்பை இழுத்துவிட்டு, யூனிபோமின் பொத்தான்களைக் கழற்றி, பிள்ளையை என் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். அப்படிச் செய்ய நர்ஸுக்கு அனுமதி கிடையாது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தச் சின்ன மூச்சு என் தோலில் பட்டுக்கொண்டிருந்தது. நான் வேறெதையும் யோசிக்கவில்லை. இப்படியே இருந்துவிடலாம் என்று மட்டும் யோசித்தேன்.

மறைப்பு விலகியது. சோமலதா சிஸ்டர் நின்றார். வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடல் சூடு எவ்வளவு?" என்று கடைசியில் கேட்டார்.

"முப்பத்தாறு தசம் எட்டு."

"நல்லது. டொக்டர் நாளைக்குக் காலையில் பால்மா எழுதப்போகிறார். தாய் இங்கே பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "நங்கி, உண்மையைச் சொல்" என்றார்.

சொன்னேன். தவிட்டுக் கதை, நான் சரி என்றது, முறை தெரிந்தும் சொல்லாதது எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். சிரிப்பார் அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எவ்வளவு தவிடு வேண்டும்?" என்று கேட்டார்.

"ஒரு சுண்டு போதும், ஒரு சின்ன டின் அளவு."

"எடுத்துவரச் சொல். ஆனால் தவிடு என் வார்டுக்குள் வராது. பூஞ்சணம் இருக்கும். கதவுக்கு வெளியே வாங்கிவிட்டு, முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வா. பால்மாவுக்கு நான் டொக்டரிடம் ஒரு நாள் தவணை கேட்கிறேன்."

பிள்ளையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, மறைப்பை விட்டு வெளியே வந்து யோகராணியிடம் போனேன். நீ செய்தது முறை இல்லை, அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றேன். அவள் என்னை ஏசவில்லை. "அப்ப இத்தன நாளு நான் சும்மாவா தள்ளி நின்னேன்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு ஏசியிருக்கலாம்.

செல்வராஜுக்குப் போன் போட்டோம். அடுத்த நாள் முற்பகல், விடியலிலேயே பால் வெட்டி முடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கையில் மூடி போட்ட பழைய பால்மா டின். டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில், மாட்டுத் தீனி விற்கிற இடத்தில் வாங்கினாராம். "நானா கேட்டாருங்க மிஸ், என்ன செல்வராஜ் மாடு கீடு வாங்கிட்டியான்னு. இல்லிங்க நானா, பிள்ள வாங்கப் போறேன்னேன். அப்டீன்னா காசு வேணாம், பிள்ளைக்காக அல்லாகிட்ட துஆ கேக்குறேன்னு சொல்லிக் குடுத்துட்டாருங்க." சொல்லிச் சிரித்துக்கொண்டே டினை இரண்டு கையாலும் நீட்டினார்.

டினை வாங்கிக் கதவுக்கு வெளியே ஜன்னல் திண்டில் வைத்தேன். கழுவினேன். சிஸ்டர் பக்கத்தில் நின்று நான் கழுவுகிறதைப் பார்த்தார். வழக்கமாக இரண்டு நிமிஷம். அன்றைக்கு எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை, "போதும் நங்கி" என்று அவரே குழாயை மூடினார்.

யோகராணி நாற்காலியில் தயாராக இருந்தாள். முன்பக்கம் திறந்த கவுன், வளையல் இல்லாத கை. நான் பிள்ளையை, குழாய், வயர் எல்லாம் சேர்த்துத் தூக்கி அவள் முன்னால் கொண்டுபோனேன்.

"எடுத்துக்க யோகா."

அவள் கையை நீட்டவில்லை.

"அப்புடி இல்லிங்க மிஸ். வேணாம்னு சொல்லணும். மூணு தடவ. எனக்கு வேணாம், நீயே வச்சுக்கன்னு சொல்லணும். அப்பதான் அது என் பிள்ள."

எனக்கும் அது தெரியும். அதைச் சொல்லாமல் தப்பிவிடலாம் என்று பார்த்தேன். பிள்ளை என் கையில் இருந்தது. தொப்பி கொஞ்சம் விலகி, காதுக்கு மேலே மெல்லிய முடி தெரிந்தது. ஒரு விரலால் தொப்பியைச் சரி செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வராஜ் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் மானிட்டரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு வேணாம்" என்றேன். "நீயே வச்சுக்க."

"இன்னொருக்கா."

"எனக்கு வேணாம். நீயே வச்சுக்க."

மூன்றாவது தடவை பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யோகராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மனசாரத்தான் சொல்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. பிறகு கையை நீட்டினாள்.

நெஞ்சுக்கு நடுவில் வைத்து, தலையைத் திருப்பி, நாடியை உயர்த்தி, காலை மடித்து, துண்டைக் காது மட்டத்துக்குக் கட்டினேன். என் கைகளுக்கு வேலை பழக்கம், அவை அவற்றின் பாட்டில் செய்தன. கட்டி முடித்ததும் யோகராணி துண்டின் மேல் கையை வைத்தாள். "இவ்வளவு சூடா இருக்கு மிஸ். நான் சில்லுனு இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மானிட்டரில் ஒட்சிசன் தொண்ணூற்று இரண்டில் இருந்தது, மெல்ல மெல்லத் தொண்ணூற்று ஏழுக்கு ஏறியது. அன்று பின்னேரம் கோப்பையில் பால் கூடவில்லை. அடுத்த நாளும் இல்லை. சிஸ்டர் இன்னும் ஒரு நாள் தவணை வாங்கினார். மூன்றாம் நாள் காலையில் அரைக் கோப்பை வந்தது. யோகராணி அதைத் தூக்கிக் காட்டி, "என் பிள்ளைக்கு" என்றாள்.

ஆறு கிழமையில் ஆயிரத்து எண்ணூறு கிராமாக வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு நான் லீவு போட்டேன். கிளினிக் நாட்களில் என் டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டேன். நிறைய பேருக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்திருக்கும். சோமலதா சிஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

போன மாதம் யோகராணி போன் எடுத்தாள். என் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறாள். பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை சடங்காம். "நீங்க வராம எப்புடிங்க மிஸ்" என்று சொல்லிப் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். நான் கேட்காத குரல். அழுது மட்டும்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் பூனைக்குட்டி அளவுக்கு.

"மிஸ், என்னய ஒரு சுண்டு தவிட்டுக்கா வித்தீங்க? கொறஞ்சது ஒரு மூட்டையாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம். "ஒங்கப்பா அவ்வளவுதான்மா கொண்டாந்தாரு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வருவீங்கதானே என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். வாரேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சேலை உடுத்து, அவளுக்கு வாங்கின பாவாடைத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். தெரணியகலை பஸ் வந்தது, நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. இந்தத் தவிட்டு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, படித்தவள் நான். ஆனால் யோகராணிக்கு உண்டு. பதின்மூன்று வருஷமாக நான் மூன்று தடவை சொன்னதை நம்பித்தான் அவள் அந்தப் பிள்ளையைப் பயமில்லாமல் தொட்டு வளர்த்தாள். நான் போய் அந்தப் பிள்ளையை ஒருமுறை பார்த்தால் போதும், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும்.